டெட் சர்ட்டன்

எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரைக்கு எதற்கெடுத்தாலும் 'டெட்' வேண்டும். களைத்துப் போனால் டெட் டயர்ட். பால்வெட்டு மெதுவாக நடந்தால் டெட் ஸ்லோ. நான் சொன்னது சரியென்றால் டெட் ரைட். 'செத்த' என்று பள்ளியில் படித்த சொல், வெள்ளைக்காரர் வாயில் 'ரொம்ப' என்று ஆகிவிடுவதில் நான் சொக்கிப்போனேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணிக்கு, கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு, இதைவிட என்ன பெருமை வேண்டும்? அன்றைக்கே யாராவது என் வாயில் அடித்திருக்கலாம்.

அது அவசரகாலம். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகவும் தடை. ஐம்பத்தொன்றில் ஒருநாள் வேலியோரம் ஓர் அரிசி மூட்டை கிடந்தது. விசாரிக்க வந்த ராணுவ அதிகாரியிடம், விடியற்காலையில் வேலிப் பக்கம் உயரமான ஒரு முதுகைப் பனியில் பார்த்ததாகச் சொன்னேன். பார்த்தது அவ்வளவுதான்.

அதிகாரி தொழிலாளர் எல்லாரையும் பெரட்டுக் களத்தில், காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், வரிசையாக நிறுத்தினான். தலையில் துண்டு கட்டி நின்ற பிச்சைமுத்துவைக் காட்டி, "இவனா? நிச்சயமாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிச்சைமுத்துவும் உயரம்தான். தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் துரை நின்றார். எத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம்!

"டெட் சர்ட்டன், சார்."

துரை சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார். சிப்பாய்கள் பிச்சைமுத்துவைப் பிடித்ததும் அவன் மனைவி ராமாத்தாள் வரிசையை விட்டு ஓடிவந்தாள்.

"ஐயா, அவரு எங்கயும் போகலங்க! ராவெல்லாம் காய்ச்சலு. விடியற வரைக்கும் நாந்தான் பக்கத்துல இருந்தேன். சொல்லுங்கய்யா!"

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டான். அதை எடுத்துச் சொன்னால் நான் சற்றுமுன் சொன்னது பொய்யாகிவிடும். துரையின் கை இன்னும் என் தோளில் இருந்தது.

"டெட் ஸ்கேர்ட், சார்," என்றேன். பயந்துபோயிருக்கிறாளாம். இருவரும் சிரித்தார்கள்.

வரிசையில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. நான் பரிந்து பேசுவதாகவே நினைத்தார்கள். லாரியில் ஏறும்போது பிச்சைமுத்துவும் என்னை நம்பிக்கையோடுதான் பார்த்தான்.

அவனைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். எனக்கு நிச்சயமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வந்துவிடுவான். இரண்டு முறை துரையின் மேசை முன்னால் போய் நின்றேன். "என்ன காளிதாஸ்?" என்பார். "ஒன்றுமில்லை சார்" என்று திரும்பிவிடுவேன். கோழைப் பயல் நான்.

பெயர்ப் பட்டியலில் அவன் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். ஆனாலும் பெரட்டில் அவனுக்கு முந்தைய பெயரான வீராசாமியைக் கூப்பிட்டு, அடுத்த பெயருக்கு வாய் திறக்குமுன், இருட்டிலிருந்து கரகரத்த குரலில் "வந்தேங்க" என்று கேட்கும். நான் கூப்பிடாத பெயருக்குப் பதில். விளக்கைத் தூக்கிப் பார்ப்பேன். வீராசாமிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு எல்லாரும் நிற்பார்கள். வேறு யாருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியாது.

நாலாம் மாதம் கடிதம் வந்தது. முகாமில் காய்ச்சல் கண்டு பிச்சைமுத்து இறந்துவிட்டான். ராமாத்தாளை ஆபீசுக்குக் கூப்பிட்டு நான்தான் படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னத அந்தத் தொரைங்ககிட்ட அப்படியே சொன்னீங்கதானே?"

இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சொன்னேம்மா."

"அப்ப அவங்கதான் நம்பல லா." பெருமூச்சு விட்டாள். "நீங்க ஒருத்தராச்சும் எங்களுக்காகப் பேசினீங்களே ஐயா."

இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டுவிட்டு, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைப் பார்த்து நடந்தாள்.