நிழல் இல்லாத நேரம்

டங்கென்று எவர்சில்வர் குடம் தரையில் விழுந்து உருண்டது. ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்தில் கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்புஜம் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வரல! என் நிழலக் காணோம்!" ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது.

நிருபமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விஞ்ஞானத்தை ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் அவளுக்கு உத்தியோகம். வருஷத்தில் இரண்டு நாட்கள் பெங்களூரில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. அதைக் காட்டத்தான் சந்தின் நடுவே குழாய்த் துண்டுகளை நிறுத்தி வைத்திருந்தாள். கூட்டம் சேர வேண்டுமே என்று, 'இன்று உங்கள் நிழல் காணாமல் போகும்!' என்று தெருமுனையில் பேனர் கட்டியதும் அவள்தான்.

அம்புஜத்தின் கணவன் அசோகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாளைக்கு அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் மேடம். இனிமே தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிழல் தெரியலன்னா ஆளு தங்காதுன்னு அவங்கம்மா சொல்லுமாம்."

"எனக்குந்தான் போச்சு அம்புஜம்! வா, சேர்ந்தே போலாம்," என்றான் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ்.

"உங்கூட மார்க்கெட்டுக்கே வரமாட்டேன், போய்யா!"

நிருபமா ஜன்னலருகே போனாள். "அம்மா, பூமி கொஞ்சம் சாஞ்சு சுத்துது. அதனால..."

"சாஞ்சா சாயட்டும். என் நிழல் எங்க?"

நிருபமா பாடத்தை விட்டுவிட்டு, ஆம்ப்ரோஸ் வீட்டு வாசலில் தொங்கிய குடையை வாங்கி வந்தாள். "ஒரே நிமிஷம் வெளிய வாங்கம்மா. இதப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்புஜம் குடையை விரித்து நின்றாள். காலைச் சுற்றி வட்டமாக நிழல் விழுந்தது.

"குடை நிழல் எங்க விழுது பாருங்க. நேர் கீழ. வெயில் உச்சியிலருந்து அடிக்குது. உங்க நிழலும் எங்கயும் போகல, உங்க காலடியிலதான் இருக்கு."

அம்புஜம் குடையை விலக்கினாள். ஒரு காலை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். பாதத்துக்கு நேர் கீழே, பாதம் அளவுக்குக் கறுப்பாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அசோகன் பெருமூச்சு விட்டான். ஆபீஸுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமென்று நிருபமா போனை எடுத்தாள்.

அம்புஜம் மறுபடி குடையைப் பிடித்து, நிருபமாவின் மணிக்கட்டைப் பற்றி அதற்குள் இழுத்துக்கொண்டாள். கணவன் காதில் விழாதபடி கேட்டாள்:

"நிழல் கெடக்கட்டும்மா. மயக்க ஊசி போட்டா மறுபடி முழிப்பு எப்படி வரும்? அத எனக்கு யாருமே சொல்லலையே."