பின்சீட்டு இருந்த இடத்தில் ஒரு கிடா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ரெகின் இதைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறான். படகுத்துறையில் ஒரு விதம், கடையில் ஒரு விதம், போன ஞாயிறு ஞானஸ்நான விருந்தில் கிடாவைப் போலக் கழுத்தை நீட்டிக் காட்டி இன்னொரு விதம். எங்கள் குடும்பத்தின் கதை எங்கள் குடும்பத்தின் வாயிலிருந்துதான் வரவேண்டும். அதனால் பேனாவை எடுத்தேன்.

தொடக்கம், முதல் முயற்சி:

"ஃபாரோ தீவுகளின் வடகோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, கண்ணியம் மிக்க ஒரு குடும்பம்—"

வேண்டாம். கண்ணியம் உள்ளவர்கள் அதைத் தாங்களே சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டாம் முயற்சி:

"அக்டோபர் மாதம் ஒரு காலை, ஒரு கறுப்புக் காரின் முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு கிடாவின் தலை நீண்டிருந்தது. அது வானொலியில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தது."

நடந்தது இதுதான். ஆனால் இங்கேயே சிரித்துவிட்டீர்கள் என்றால் மரியாதையை நான் எங்கே போய்த் தேடுவது? [சரி, சிரியுங்கள். எழுதும்போது எனக்கே இரண்டு முறை பேனா நழுவியது.]

2

எங்கள் வீட்டுச் சுன்வோருக்கு ஐம்பத்தெட்டு வயது. கிடாவின் பெயர் புரூசி. மே மாதத்துப் பனியில் தாயை இழந்த குட்டி. அவள்தான் அடுப்படியில் பெட்டி வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். வட்டாரக் கிடாக் காட்சியில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பரிசு அதற்குத்தான். மூன்றாம் முறையும் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை வீட்டோடு தங்கிவிடும். அப்பா காலத்தில் அந்தக் கோப்பை இரண்டு முறை வந்து, மூன்றாம் ஆண்டு ரெகினின் அப்பா வீட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தடவை சுன்வோர் ஜன்னலோரத்துப் பூந்தொட்டியை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டாள். அந்த வெற்றிடத்தை நாளுக்கு இருமுறை துடைத்தாள்.

ஆனால் கிடாவை எப்படிக் கொண்டுபோவது? டிரெய்லரைக் குளிர்காலப் புயல் தூக்கிக் கடலில் போட்டுவிட்டது.

"ரெகின்கிட்ட ஒரு நாளைக்கு டிரெய்லர் கேட்டா என்னண்ணே?" என்றாள்.

"நம்ம வீட்ல இரவல் வாங்கிப் பழக்கமில்ல," என்றார் அண்ணன்.

"போன வாரம் அவன்கிட்ட உப்பு வாங்கினியே!"

"அது உப்பு."

"அப்போ புரூசிய முதுகுல சுமந்துட்டுப் போறியா?"

"அப்பாவோட கார் இருக்கு."

சுன்வோர் சிரித்த சிரிப்பில் காபி மேசையெங்கும் சிந்தியது. அப்பாவின் கார்! நான்கு கதவு, நீளமான டிக்கி. மூன்று கல்யாணங்களுக்கும், ஒரு பிஷப்பை அழைத்துவரவும் போய்வந்த கார். பின்சீட்டில் ஈர மேலங்கியோடு உட்கார அப்பா யாரையும் விட்டதில்லை.

3

இந்த அண்ணன் பாத்திரம் எனக்குச் சரிப்படவில்லை.

ஒரு வரைவில் அவரை மைத்துனராக மாற்றிப் பார்த்தேன். இன்னொன்றில் பக்கத்துத் தீவிலிருந்து வந்த மெக்கானிக் ஆக்கினேன். மூன்றாவதில் அடியோடு நீக்கினேன். அப்போது பின்சீட்டைக் கழற்ற ஆளில்லாமல் அது தானாகவே கழன்றுகொண்டது. அற்புதங்களில் எங்கள் வீட்டாருக்கு நம்பிக்கை உண்டுதான். ஆனால் போல்ட் விஷயத்தில் இல்லை. அதனால் அண்ணன் இருக்கட்டும். [கதை முடிவதற்குள் அவரை அனுப்பிவிட ஒரு வழி தேடுவேன்.]

அண்ணன் வேலையைச் சுத்தமாகவே செய்தார். இதை ரெகின் சொல்வதில்லை. உட்காரும் மெத்தையைத் தூக்கி எடுத்தார். சாய்மானத்தின் போல்ட்டுகளைக் கழற்றினார். அதற்குப் பின்னால் டிக்கிக்கும் காருக்கும் இடையே ஒரு தகட்டுச் சட்டம். நடுவில் அகலமான திறப்பு. டிக்கி வழியாக ஏறினால் கிடாவின் தலை முன்சீட்டுவரை வரும், பின்புறம் டிக்கியில் நிற்கும். அடியில் பலகை பரப்பி ரப்பர் பாய் விரித்தார். கூரான தகட்டு விளிம்புகளுக்குத் தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி உறை போட்டார். கழற்றிய சீட்டு வரவேற்பறைக்குப் போனது. பாதிரியார் வந்தால் இப்போது அதில்தான் உட்காருகிறார், வசதியாக இருக்கிறதாம்.

திறப்பை அளந்தார். கிடாவையும் அளந்தார். வயிற்றின் இரு பக்கமும் இரண்டு விரல் கூடுதல் இடம் இருந்தது.*

* ஜூலை மாதம். தேதியைத் தேட வேண்டாம்.

4

அக்டோபர் காலை. சுன்வோர் முன்சீட்டில் ரொட்டி வாளியை வைத்தாள். புரூசி வாளியைப் பார்த்தது, பலகைமேல் ஏறியது, திறப்பில் தலையை விட்டது, தோளை விட்டது, ஒரு தம் பிடித்து மீதியையும் தள்ளியது. "பாத்தியா, அளவெடுத்துத் தெச்ச மாதிரி!" என்றார் அண்ணன். வழியிலிருந்த மலைச் சுரங்கப்பாதை முழுக்கச் சுன்வோர் பாடிக்கொண்டே வந்தாள். கிடா அவள் காதில் மூச்சு விட்டது.

காட்சித் திடலில் டிக்கியைத் திறந்தார்கள். சுன்வோர் இழுத்தாள். புரூசி நகரவில்லை. அண்ணன் இழுத்தார். உள்ளே போகும்போது படிந்து வழிவிட்ட கம்பளி, பின்னால் இழுத்ததும் எதிர்த்துச் சிலிர்த்துத் திறப்பை முழுக்க அடைத்துக்கொண்டது. முன்னால் தள்ளலாம் என்றால் முன்சீட்டுகள் தடுத்தன, பக்கக் கதவு வழியே திருப்பவும் இடமில்லை. புரூசிக்கு எந்தக் கவலையும் இல்லை. ரொட்டி முடிந்து வாளியைத் தின்னத் தொடங்கியிருந்தது.

கூட்டம் கூடியது. முதலில் வந்தவன் ரெகின்.

"என்ன சுன்வோர், காருக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டியா?"

"வாய மூடு ரெகின். நீயும் ஒரு பக்கம் பிடி."

"கிடாவுக்கு எத்தன சிலிண்டர்?"

நடுவர் டூரித், எழுபது வயது அம்மாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "நல்ல தலை. கொம்பு பிரமாதம். ஆனா பன்னெண்டு மணிக்குள்ள நாலு காலும் தரையில இருக்கணும்மா. காரோட சேத்து எடை போட முடியாது."

மணி பதினொன்று இருபது.

சுன்வோர் திறப்பைப் பார்த்தாள். கம்பளியில் கை விட்டாள். கை மணிக்கட்டுவரை மறைந்தது. மெல்லத் திரும்பினாள்.

"அண்ணே. கிடாவ எப்ப அளந்த?"

"ஜூலையில."

"ஜூலையில எப்ப?"

"...கம்பளி வெட்டின அன்னிக்கு. சாயங்காலம். அப்பத்தான் ஆடாம நின்னுது."

திடலில் இருநூறு ஃபாரோக்காரர்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து ஆட்டோடு வாழ்ந்த மனிதன், மொட்டையடித்த கிடாவை அளந்து, கம்பளி போர்த்திய கிடாவை ஏற்றியிருக்கிறான்! டூரித் அம்மாள் எடைத்தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுன்வோர் ஈரப் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சரி. அண்ணன் நான்தான். நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு சிரித்தேன்.

5

இனி முடிவு. எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டே.

(அ) புரூசியின் விலாவில் கம்பளியை வெட்டுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் கம்பளிக்கும் மதிப்பெண் உண்டு. அரைமொட்டைக் கிடாவுக்கு யாரும் கோப்பை கொடுத்ததில்லை.

(ஆ) காரின் பின்கண்ணாடியைக் கழற்றி, அதன் கீழுள்ள தகட்டை ரம்பத்தால் அறுத்துத் திறப்பை விரிப்பது. அப்புறம் அந்தக் கார் எந்தப் பரிசோதனையிலும் தேறாது. அப்பாவின் கார் இனி சாலை ஏறாது.

(இ) "அப்போது வானம் பிளந்து ஒரு—" இல்லை. இது மெக்கானிக் வந்த வரைவில் இருந்தது.

மணி பதினொன்று நாற்பது. ரெகின் தன் வண்டிக்கு ஓடிப்போய் இரும்பு ரம்பத்தோடு வந்தான். [இதையும் அவன் சொல்வதில்லை. நான் சொல்லவேண்டியிருக்கிறது, நியாயம் நியாயம்தான்.] "இரவல்தான். வேணாம்னா விடு," என்றான்.

இன்னொரு பக்கம் சுன்வோர் கையில் கத்தரியோடு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் வடியவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது.

"அப்பா கார். அப்பா கோப்பை," என்றாள். "நான் சொல்லமாட்டேன். நீ அளந்தவன், நீயே சொல்லு."

நான் கை நீட்டினேன். ஒன்றை வாங்கினேன்.

6

எதை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ரெகின், "நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்பான்.

ஜன்னலோரத்தில் இப்போது ஏதோ பளபளக்கிறது. அது கோப்பையாக இருக்கலாம். புரூசி கடித்து முடித்த தகர வாளியைச் சுன்வோர் துடைத்து, பூச்செடி நட்டு வைத்ததாகவும் இருக்கலாம். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது, திரைச்சீலை போட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் சத்தம் அதிகம் என்பதால் இந்தக் கதை முழுவதையும் அப்பாவின் காருக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். வெளியே மழை. கடைசித் தாளில், இதோ இந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு விழுந்து மை பரவியிருக்கிறது.

பின்கண்ணாடிப் பக்கமிருந்து வந்த மழையா, சிரித்ததில் என் கண்ணிலிருந்து வந்ததா? அதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் இனி எதையும் அளக்கக்கூடாதாம்.