ரொட்டி மோட்டாருக்குத் தாழ்ந்த ஹேண்டல்

கிள்ளான் பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த வேலாயுதம், வாசு கேட்டதைக் காதில் வாங்கியதும் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"தாழ்ந்த ஹேண்டலா? நீயா? என்னடா, ரேஸ் ஓடப் போறியா?"

"எனக்கு இல்லண்ணே. அப்பாவுக்கு."

"ரொட்டிக்காரருக்கா!" கடையில் நின்ற இரண்டு பையன்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்ப இனிமே காப்பாருக்கு ரொட்டி சூடாவே போய்ச் சேரும் லா."

பையன்கள் சிரித்தார்கள். வாசு சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வேலாயுதத்துக்கு அவன் அப்பா தம்புசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"கை எப்படி இருக்கு இப்ப?"

"சோத்துக்கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குது. பழைய ஹேண்டல் உசரம். கொஞ்சம் எறங்கி இருந்தா ஓட்டிடுவேன்னு சொல்றாரு."

வேலாயுதம் ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஹேண்டல்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். வாசு சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்தான். அளந்ததையே மறுபடியும் அளந்தான்.

அது அவன் சுபாவம். பகலில் ஒரு ஆணி, பெயிண்ட் கடையில் கணக்குப் பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலைகள் பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் இயந்திர வரைபடம் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் எல்லோரும் கோடு போட்டு முடித்து டீ குடிக்கப் போன பிறகும் அவன் தன் கோட்டை அளந்துகொண்டிருப்பான். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். தான் செய்த எதிலும் எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும் என்பது ஒன்றில்தான் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

தம்புசாமியின் மோட்டார் ஒரு பழைய நூறு சிசி வண்டி. பின்னால் ரொட்டிப் பெட்டி, இரண்டு பக்கமும் முறுக்கும் கச்சான் கடலைப் பொட்டலமும் தொங்கும் கம்பிகள். ஹேண்டல் மட்டும் எருமைக் கொம்பு மாதிரி அகன்று உயர்ந்திருக்கும். அதன் வலது முனையில் ரப்பர் பந்து வைத்த ஹார்ன். அவர் அதை அமுக்கிக்கொண்டு காப்பார் சாலையை விட்டு இறங்கி கம்பத்துத் தெருக்களுக்குள் நுழைந்தால், வாசலுக்கு ஓடிவராத பிள்ளை கிடையாது. வாசு கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அதுதான் அவர் தொழில்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துபோனது. கால் மெல்ல மெல்ல வந்துவிட்டது. கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார், ஆனாலும் நடக்கிறார். கைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, அமுக்கி அமுக்கிப் பழகச் சொன்னார்கள். நாள் முழுக்க அதை மடியில் வைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மேலே ஒரு துண்டு.

பேக்கரி முதலாளியான தவுக்கே நல்ல மனுஷன். வீட்டுக்கே வந்து பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் உன் லைன யாருக்கும் குடுக்க மாட்டேன், தம்பு. அதுக்கு மேல என்னால முடியாது. ரொட்டி காத்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான் தம்புசாமி மகனைக் கூப்பிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சுப்பா. இந்த ஹேண்டல் ஒண்ணுதான் உசரமா இருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் வாசுவுக்குப் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. நரம்பையும் மூளையையும் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. உயரம் என்றால் தெரியும். அதை அளக்கலாம்.

மோட்டாரை நிறுத்தி அப்பாவை மேலே உட்கார வைத்தான். தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு என்று அட்டையில் குறித்துக்கொண்டான். தம்புசாமி போட்டோ பிடிக்க உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார்.

"தையக்காரன் தோத்தான் போ" என்றாள் வாசுவின் அம்மா பவுனம்மாள், அடுப்படி வாசலில் நின்றபடி. "பட்டறையில குடுத்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பான்."

"பட்டறைக்காரன் என் கைய அளப்பானா?" என்றார் தம்புசாமி.

வேலாயுதம் கடையில் வாங்கிய ஹேண்டலை மாட்டும் வேலை அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பழைய ஹேண்டலிலிருந்து கண்ணாடி, லீவர்கள், ரப்பர் பிடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய நியூஸ்பேப்பரில் வரிசையாக வைத்தான். நடுவில் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் தளர்த்திப் புதியதை உட்கார வைத்தான். தம்புசாமி முக்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்கும் ஸ்பானரை இடது கையால் எடுத்துக் கொடுத்தார். கடைசியாக ஹார்னை மாட்டப் போனபோது, "அத இந்தப் பக்கம் போட்டுடு" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

"எப்பவும் சோத்துக்கைப் பக்கம்தானப்பா இருக்கும்?"

"மாத்திப் பார்ப்போமே."

மாட்டி முடித்து உட்கார்ந்து பார்த்தார். வலது கையை இடது கையால் தூக்கிப் பிடிமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு இழை உசரம்ப்பா."

வாசு அட்டையை எடுத்துப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா தப்பு என்றால் தன் அளவில்தான் தப்பு இருக்க வேண்டும். மறுநாள் வேலாயுதத்திடம் போய்க் கெஞ்சி, அதைக் கொடுத்துவிட்டு இருப்பதிலேயே தாழ்ந்த ஒன்றை வாங்கி வந்தான்.

அதை மாட்டுவது லேசான காரியமாக இல்லை. ஹேண்டல் இறங்கியதால் கேபிள்களெல்லாம் நீளமாகிவிட்டன; விளக்குக்கு முன்னால் வளையம் வளையமாகத் தொங்கின. வேகத்தைக் கூட்டும் எண்ணெய் கேபிள் அப்படி மடங்கினால், முறுக்கிய பிடி திரும்பாமல் மாட்டிக்கொள்ளும், மோட்டார் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று வேலாயுதம் எச்சரித்திருந்தார். வாசு கேபிளை விளக்குக்குப் பின்னால் கொண்டுபோய், டேங்கின் கழுத்தோரமாக வளைத்து விட்டான். என்ஜினை ஓடவிட்டு ஹேண்டலை முழுக்க இடதுபக்கம் திருப்பிச் சத்தம் மாறுகிறதா என்று கேட்டான். வலதுபக்கம் திருப்பிக் கேட்டான். பிடியை முறுக்கி, கையை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது 'டக்'கென்று தன் இடத்துக்குப் போனது. அன்று படுக்கப் போகுமுன் எழுந்து வந்து இன்னொரு தடவையும் விட்டுப் பார்த்தான்.

மாதத்தின் கடைசி ஞாயிறு விடிந்தது. பவுனம்மாள் மோட்டாரைக் கழுவி, விளக்குக்கு விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தாள். சூடம் காட்டிவிட்டு முன் சக்கரத்துக்குக் கீழே ஒன்றும் பின் சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமாக எலுமிச்சம்பழம் வைத்தாள். அதன் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போனால்தான் திருஷ்டி கழியும். பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு ஒரு பெங்காலி ரொட்டி. அந்த வேன்காரன் குடுக்கிறது கல்லு மாதிரி இருக்கு."

"வச்சிட்டேன்னு வச்சுக்க" என்றார் தம்புசாமி. ரொட்டி விற்கப் போகும்போது போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். தலையில் எண்ணெய் மினுங்கியது.

ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். வலது கையைத் தூக்கிப் பிடிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். வாசு பக்கத்தில் நின்று உதைத்து என்ஜினைக் கிளப்பிவிட்டு, பின்னால் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். கியர் இன்னும் போடவில்லை. முதலில் கொஞ்சம் முறுக்கிப் புகையைக் கக்க விட வேண்டும்; அந்த மோட்டாரின் வழக்கம் அது.

தம்புசாமி முழங்கையைக் கீழே இறக்கினார். பிடி திரும்பியது. மோட்டார் சீறியது.

"ஆ, ரேஸ்தான்!" என்று கையைத் தட்டினாள் வள்ளியம்மா.

சத்தம் இறங்கவில்லை. ஏறிய இடத்திலேயே நின்று அலறியது. நீலப் புகை பவுனம்மாளை மூடியது. தம்புசாமியின் முதுகு விறைத்துப் போயிருந்ததை வாசு பார்த்தான்.

"விடுங்கப்பா! பிடிய விடுங்க!"

அவர் விடவில்லை. கேபிள்தான் என்று நினைத்தான் வாசு. கேபிள் மாட்டிக்கொண்டது. எத்தனை தடவை பார்த்தும் தப்பு விட்டுவிட்டேன். முன்னால் ஓடி எட்டிச் சாவியைத் திருப்பினான். சத்தம் பட்டென்று நின்றது. சேவல் ஒன்று கூவியது மட்டும் கேட்டது.

அப்பாவின் கை பிடியின் மேல்தான் இருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவர் இடது கையைக் கொண்டுவந்து, ஆணியில் மாட்டிய துணியை எடுப்பதுபோல, வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரலும் விலகியது. அந்த நொடியில் பிடி 'டக்'கென்று தன் இடத்துக்குத் திரும்பியது.

அந்தச் சத்தம் மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசுவுக்குச் சொன்னது. ஹார்னை ஏன் இடது பக்கம் கேட்டார் என்று சொன்னது. துண்டுக்கு அடியில் அந்த ரப்பர் பந்து ஏன் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்தது என்று சொன்னது. மூடிய கை அவருக்குத் திறப்பதில்லை. இது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஹேண்டல் உயரம் என்றால் மகன் இறக்கிக் கொடுப்பான். இதைச் சொன்னால் மகன் என்ன செய்வான்?

தம்புசாமி வலது கையை மடியில் மறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கேபிள் மாட்டிக்கிச்சுப்பா."

பவுனம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சில் மகனைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன வாட்டி சொன்னேன், பட்டறையில குடு, பட்டறையில குடுன்னு! பஸ் ஏறிப் போயி படிச்சுக் கிழிச்சது இதுதானா? கியர் போட்டிருந்தா மனுஷன் இந்நேரம் கால்வாயில கெடந்திருப்பாரு!"

"விடுக்கா, புள்ள ஆசையா செஞ்சான்" என்றாள் வள்ளியம்மா.

வாசு அப்பாவைப் பார்த்தான். அவர் கழுத்தில் வியர்வை வழிந்து நீலச் சட்டையின் காலர் கறுத்திருந்தது.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றான். "வளைவு சரியா போடல. நான் பார்த்திருக்கணும்."

தம்புசாமி தலையைத் தூக்கினார். மகனின் முகத்தை இவ்வளவு நேரம் அவர் ஒருபோதும் உற்றுப் பார்த்ததில்லை. பிறகு பார்வை ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

"பரவால்ல. அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்."

"அடுத்த வாரமா? தவுக்கே நாளைக்கு ஆள் அனுப்புவாரே, என்னன்னு சொல்றது?" என்றாள் பவுனம்மாள்.

"மோட்டார் இன்னும் ரெடியாவலன்னு சொல்லு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். வள்ளியம்மாவும் வேலியை விட்டுப் போய்விட்டாள். வாசு அப்பாவை இறக்கி முக்காலியில் உட்கார வைத்தான். மோட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூஸ்பேப்பரை விரித்து, பிடியைத் திறந்து எண்ணெய் கேபிளை உருவி எடுத்தான்.

கேபிளை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டு போனான். எங்கேயாவது ஒரு மடிப்பு, பிரிந்த ஒரு கம்பி இழை, கொஞ்சம் துரு. இத்தனை நாளும் தேடாமலே அகப்பட்ட தப்பு, இன்று வேண்டும் என்று தேடும்போது அகப்படவில்லை. கேபிள் எண்ணெய் மின்ன, வழவழவென்று ஓடியது. மறுபடியும் முதலிலிருந்து தடவினான்.

தம்புசாமி குனிந்து, முன் சக்கரத்தடியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை இடது கையால் எடுத்தார். ஒரு கீறல் இல்லை. சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சாமான் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பத்தாம் நம்பர் ஸ்பானர் வேணுமாப்பா?"

கழற்ற அங்கே ஒன்றும் இல்லை.

"குடுங்கப்பா" என்று கையை நீட்டினான் வாசு.