நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

அப்பாவின் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இடக்கண் தன் முறைக்காகக் காத்திருந்தது. அதில் வெறும் புகைமூட்டம்தான். பத்து நாளைக்குத் திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் ஒரு பழைய புரோகிராமைப் பார்த்துச் சொல்லும் வேலையை ஒத்துக்கொண்டார்.

"கண்ணு நல்லா இருந்தப்பவே வீட்ட பாக்கல. இப்ப எத பாக்கப் போறாராம்?" என்றாள் அம்மா.

"படிக்கத்தான் இவ இருக்காளே," என்றார் அப்பா.

நான் வேதியியல் படித்தவள். புரோகிராம் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, அடைப்புக்குறி, புள்ளி எதையும் விடாமல் வரிவரியாக வாசித்தேன். அப்பா எதிரே வலக்கண்ணில் கட்டும் அதன்மேல் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்து தலையாட்டினார். அது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் புரோகிராம். முப்பத்தொரு வருடத்துக்கு முன் அவரும் இன்னொருவரும் சேர்ந்து எழுதியது. இப்போது புதிய சிஸ்டத்துக்கு மாறப் போகிறார்கள். பழையதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். புரோகிராமராகத் தொடங்கி, டீம் லீடராகி, மேனேஜராகி, ஆறு வருடமாக வீட்டிலிருந்தே ஆலோசகராக இருக்கும் அப்பாவை விட்டால் வேறு யாரும் இல்லை.

அந்த இன்னொருவரை எல்லோரும் கமா என்பார்கள். பேச்சில் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டாராம். அவர் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தபோது கமாதான் புரோகிராமை ஆஸ்பத்திரியில் ஏற்றி ஓடவிட்டார். ஒருநாள் ஒருவரின் ரத்த மாதிரி கெட்டுப்போனது. அவர் பெயருக்கு எதிரே முடிவு வெற்றாக வந்திருக்க வேண்டும். அடுத்தவரின் முடிவு அந்த இடத்துக்கு ஏறியது. அதற்குப் பின்னால் இருந்த எல்லோருக்கும் ஒரு ஆள் மாறிப்போனது. தவறான மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண் இறந்தாள். கமாவை வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு யாரும் அவருக்குப் புரோகிராம் எழுதும் வேலை தரவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அப்பா அந்தத் தெரு வழியே போகமாட்டார்.

"நானூத்திப் பதினொண்ணு," என்று சொல்லிப் படித்தேன்.

"ம்."

அடுத்தது குறிப்பு வரி. எழுதுகிறவர் தன் ஞாபகத்துக்காகப் போட்டுக்கொள்வது. கணினி அதைக் கண்டுகொள்ளாது. சோதனைக்கு மட்டும், வெற்று முடிவைத் தாண்டிப் போக, பிறகு நீக்கவும் என்று இருந்தது. பக்கத்தில் தேதி. அம்மா அப்பா கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு. இனிஷியல் அப்பாவுடையது.

நான் அதற்கடுத்த வரியை வாசித்தேன்.

"ஒண்ண விட்டுட்டே."

"இல்லப்பா."

"நானூத்திப் பன்னண்டு. சோதனைக்கு மட்டும்னு இருக்கும்." தேதியையும் அவரே சொன்னார்.

உள்ளே அம்மா பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா தூக்கத்தில் இந்த எண்ணைச் சொல்வதுண்டு. லாட்டரி நம்பரா என்று அம்மா கேலி செய்வாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"லீவு முடிஞ்சு போனப்ப ஆபீஸ் வாசல்லயே நின்னுட்டிருந்தான். நான் எதையும் மாத்தலடா, நீ ஒரு தடவ பாத்துச் சொல்லுன்னான். அவ்வளவுதான். அவன் அவ்ளோ சுருக்கமா பேசி நான் கேட்டதே இல்ல."

"பாத்தீங்களா?"

"அன்னைக்கே பாத்தேன். சோதனைக்குப் போட்டத எடுக்காமலே கல்யாணத்துக்குப் போயிருக்கேன்."

"வேற யாரும் பாக்கலையா?"

"கடைசியா ஏத்தினவன் யாருன்னு பாத்தாங்க. அது போதும்னு விட்டுட்டாங்க. நான் சரிபண்ணிக் குடுத்தேன். அதுக்குத்தான் டீம் லீடர் ஆக்குனாங்க."

"அப்பவே இந்தக் குறிப்ப அழிச்சிருக்கலாமே."

"கை வரல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இப்ப நீ அழிச்சிடும்மா. கமென்ட்தானே. புரோகிராமுக்கு ஒண்ணும் ஆகாது."

உண்மைதான். அழித்தால் எந்த நோயாளியின் முடிவும் மாறாது. கமா பொய் சொல்லவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி போய்விடும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மெயிலைத் திறந்தேன். ஃபைலை அப்படியே இணைத்தேன். நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைப் பாருங்கள் என்று எழுதினேன். அந்த இனிஷியல் யாருடையது என்பதையும், யார் வேலை இழந்தார் என்பதையும் எழுதினேன்.

"ஒரு வரிய அழிக்க இவ்ளோ தட்ட வேண்டியதில்லையே," என்றார் அப்பா.

நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லவே எனக்கு நேரமாகும். அனுப்பிய பிறகுதான் வாய் திறந்தது.

"அனுப்பிட்டேன்பா. அந்த வரியோட."

அவர் திட்டவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி மேஜைமேல் துழாவினார். லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் விரல்கள் வெறும் மரத்தில், எந்த எழுத்து எங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே, அவசரமாகத் தட்டின.

"எங்கம்மா வச்ச?" என்றார். மறுபடியும் தட்டினார்.