இடுப்பு என்பது எந்த இடம்

1.

இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் ஆசிரியை ஆளுக்கொரு செய்தித் துணுக்கைக் கத்தரித்துக் கொடுத்து, கதையாக்கி வரச் சொன்னார். எனக்கு வாய்த்தது இது: சிறுவயதிலேயே பிள்ளைகள் பருத்துப்போவதால் பட்டாளத்துக்கு ஆள் கிடைப்பது குறைந்துவருகிறதாம். பக்கத்து மேசைக்காரருக்குக் காணாமல்போன கிளி. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போங்க தம்பி, கிளி என்னோடது" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வரி எழுதினேன்: "ஒரு நாட்டின் பாதுகாப்பு அதன் குழந்தைகளின் தட்டிலிருந்தே தொடங்கு—"

கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கே கொட்டாவி வந்தால் படிக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

2. (இரண்டாவது தொடக்கம்)

அவளைப் பள்ளியில் குண்டு என்றார்கள். வாத்தியார் வருகைப் பதிவில் உண்மைப் பெயரைப் படித்தால் யாரென்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

[துப்பாக்கிக்குள் போவதும் குண்டு, துப்பாக்கி தூக்க லாயக்கில்லை என்று திரும்பி வருவதும் குண்டு. இந்த வேடிக்கையை வைத்தே ஒரு பக்கம் ஓட்டலாமென்று பார்த்தேன். அவளோடு படித்தவர்கள் அதைப் பள்ளி முடியும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சமில்லை.]

"பட்டாளத்துல பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம்மா. நம்பர்தானாம்."

"அதுக்காகவாடி போற?"

"அதுக்கும்தான்."

அம்மா பிஸ்கட் ஆலையில் பேக்கிங் பிரிவு. ஓடும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும் பிஸ்கட்டில் முழுசானதைப் பொறுக்கி ஒருபக்கம் தள்ளவேண்டும். அது கனத்த காகிதத்துக்குள் போய், பட்டாளத்து உணவுப் பெட்டியில் அடுக்கப்படும். உடைந்தது இன்னொரு பக்கம். அதை உடைசல் என்பார்கள். வேலை முடிந்து போகும்போது பையில் அள்ளிக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

முழுசு பட்டாளத்துக்கு. உடைசல் வீட்டுக்கு.

3.

"அம்மா கொடுத்த உடைசலைத் தின்று தின்றுதான் அவள் இப்படி ஆனா—"

இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டுவைக்கிறேன். எழுதியபோது கை வேகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. பழிபோட ஆள் கிடைத்தால் பேனா குதிரையாகிவிடும்போல.

துணுக்கில் "தவறான உணவுப் பழக்கம்" என்று இருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் ரெண்டாவது ஷிப்ட். அம்மா திரும்பி வரும்போது அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெம்பிருக்காது. பிள்ளை பசி என்று கையை நீட்டும். பையில் இனிப்பாக ஏதோ இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் நானும் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

3. (மறுபடியும் மூன்றுதான், முந்தையது கதையில்லை)

இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த ஆள்சேர்ப்பு வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். தேறாவிட்டால் திங்கட்கிழமை பேக்கிங் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவே மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்த இடம். சொல்லிவைத்துவிட்டு வந்த அன்று மகளின் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டாள்.

ஆனால் விடியற்காலையில் மகளை உதைத்து எழுப்பி ஓட அனுப்பியதும் அவள்தான். ஆலைக்கு வருவதற்கு முன்பு தையல் கூடத்தில் இருந்தவள். பட்டாளம் கேட்கிற அளவுக்குள் வந்துவிட்டதா என்று அந்த நாளைய அளவு நாடாவை எடுத்து வாரா வாரம் மகளின் இடுப்பைச் சுற்றுவாள். போன வாரம் கத்தியே விட்டாள்.

"வந்துடுச்சுடி! அளவுக்குள்ள வந்துடுச்சு! ரெண்டு விரலு மிச்சம் வேற!"

"நல்லாப் பாரும்மா. கண்ணாடி போட்டுப் பாரு."

"நாடா புடிச்ச கைடி இது. எனக்கே சொல்றியா?"

4.

ஆள்சேர்ப்பு நிலையத்தில் நீண்ட தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சு, உள்ளே மின்விசிறியில்லாத அறை. அவளுக்கு முன்னால் ஒல்லிக்குச்சியாக ஒருத்தி. எடை போதாமல் ஏற்கெனவே ஒருமுறை திரும்பிப் போனவள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட இருந்து கொஞ்சம் எனக்குக் கிள்ளிக் குடுத்தா ரெண்டு பேரும் பாஸு."

"அவ்வளவுதானா? தாராளமா எடுத்துக்கோ. தொடையில இருந்து ஆரம்பி."

இருவரும் சிரித்தார்கள். [இந்தச் சிரிப்பை எழுதியபிறகுதான் அவளை எனக்குப் பிடித்தது. அதுவரை அவள் ஒரு துணுக்குச் செய்திதான்.]

உள்ளே அளவெடுப்பவர் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. செருப்பைக் கழற்றி ஒருபக்கம் போட்டிருந்தார். வந்ததில் பாதிப் பேரைக் காலையிலிருந்து திருப்பி அனுப்பிய அலுப்பு முகத்தில். இந்தத் தடவையும் ஆள் பத்தவில்லை என்று மேலேயிருந்து வசவு வேறு.

"கையைத் தூக்கும்மா."

நாடா அவள் தொப்புளைச் சுற்றி வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"மேடம், இடுப்பு இன்னும் மேல."

"இதுதாம்மா இடுப்பு."

"எங்கம்மா இங்க வச்சுதான் எடுப்பாங்க." விலா எலும்பு முடிந்து உடல் ஒடுங்குகிற இடத்தைக் காட்டினாள்.

"அம்மா தையல்காரங்களா?"

"இருந்தாங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அது துணிக்கு இடுப்பு. இது பட்டாளத்துக்கு இடுப்பு."

அத்தனை வாரமும் அம்மா அளந்தது தப்பில்லை. ஓர் இம்மிகூடத் தப்பில்லை. வேறோர் இடத்தை அளந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

5. (முடிவுகள்)

முதலாவது: தேறிவிடுகிறாள். முகாமில் முதல் நாள் உணவுப் பெட்டியைப் பிரிக்கிறாள். உள்ளே ஒரு பிஸ்கட், முழுசாக. வாழ்க்கையில் முதன்முறையாக அதன் நான்கு மூலைகளையும்—

கிளிக்காரரிடம் படித்துக் காட்டினேன். "கண்ணுல தண்ணி வருது தம்பி" என்றார். அதனாலேயே வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது: தேறவில்லை. திங்கட்கிழமை அம்மாவுக்கு எதிரே நின்று முழுசைப் பொறுக்கிப் பட்டாளத்துக்கு அனுப்புகிறாள். இதில் ஒரு கசப்பான ஒழுங்கு இருக்கிறது. ஆனால் எனக்கு ஒழுங்காக முடிகிறது என்பதற்காக ஒருத்தியை ஆயுள் முழுக்க அந்தப் பட்டையின் முன்னால் நிறுத்திவைக்கலாமா?

மூன்றாவது: அதிகாரி கதவைப் பார்க்கிறார். நாடாவை மெல்ல மேலே நகர்த்துகிறார், அம்மா அளந்த இடத்துக்கு. இரக்கத்தாலா, ஆள் பத்தாததாலா என்று தெரியாது. அவருக்கே தெரியாமலிருக்கலாம். அப்படியே தேறினாலும் நாளை முதுகில் மூட்டையோடு ஓடப்போவது அவர் இல்லை, இவள்.

6.

நாலு நாளாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். வேலையிலிருந்து வருகிறேன், முதலிலிருந்து படிக்கிறேன், பகுதி எண்களைச் சரிபார்க்கிறேன், விளக்கை அணைக்கிறேன். இன்று பேருந்தில் வரும்போது ஒன்று உறைத்தது. நான் முடிவு செய்யாமல் தள்ளிப்போட்ட இத்தனை நாளும் அவள் அந்த அறையில் கையைத் தூக்கியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அதனால் என்னால் முடிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

"மூச்சை விடும்மா" என்றார் அதிகாரி. "புடிச்சு வச்சா அளவு எடுக்க முடியாது."

விட்டாள். சிறுவயதிலிருந்து உள்ளே இழுத்து வைத்திருந்த வயிறு முன்னால் வந்து, தன் இயல்பில் நின்றது. தோள் தளர்ந்தது. அவ்வளவு சுகமாக அவள் எங்கும் நின்றதில்லை.

நாடாவின் ஒரு முனையை இங்கேயே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அதை எங்கே சுற்றுவது என்பது உங்கள் பாடு. ஆனால் சுற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், இடுப்பு என்பது எந்த இடம்?