எண்பத்திரண்டு கிலோ பொறுமை

காத்திருக்கத் தெரிந்தவன்தான் மனிதன். தெரியாதவன் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். வெந்தெல் தொம்போஷ் இதைத் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லிக்கொள்வதில்லை. இது இயற்கை விதி, தான் அதைக் கவனித்தது மட்டும்தான் என்பார். சார்வார் ரயில் நிலையத்து மதுக்கடையில் நின்று, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அவர் இதைச் சொல்லும்போது, குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நொடி நிறுத்துவார்கள். பிறகு தொடர்வார்கள்.

சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. இருபத்தாறு வருடமாக அந்த நிலையத்தின் ஒலிபெருக்கியில் ரயில் தாமதங்களை அறிவிப்பவர் அவர்தான். சரியான நேரத்துக்கு வரும் ரயிலைப் பற்றி அறிவிக்க ஒன்றுமில்லை. ஆகவே அவருடைய குரல் ஊரில் எல்லோருக்கும் நன்றாகப் பழகியிருந்தது.

1977ஆம் வருடம் மார்ச் மாதம், பாதிப் பணம் கட்டி, சோவியத் கார் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். வரிசை எண் 20 814. இப்போது நடப்பது 1984, அக்டோபர். கார் கொடுக்கும் அரசு நிறுவனம், எந்த எண் வரை கொடுத்தாயிற்று என்பதை வியாழக்கிழமைதோறும் செய்தித்தாளில் போடும். வியாழன் காலையில் வெந்தெல் வானொலியை அணைத்துவிட்டு, மேசையருகே எழுந்து நின்று, நிலையத்துக் குரலில் அந்த எண்ணை வாசிப்பார். ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டே அவர் மனைவி எதெல்கா, "பயணிகள் பொறுமை காக்கவும்" என்று முடித்துவைப்பாள்.

கார்தான் வரவில்லையே தவிர, காரைச் சேர்ந்தவை எல்லாம் வந்துவிட்டன. கடையில் எது எப்போது கிடைக்கும் என்று தெரியாத நாட்டில், கிடைக்கும்போதே வாங்கிவைப்பவன்தான் புத்திசாலி. வீட்டுக்குப் பின்னால் கார் கொட்டகை கட்டியாயிற்று. அதில் உருளைக்கிழங்கு குடியிருந்தது. சுவரில், கார் வழியில் நின்றுபோனால் சாலையில் வைக்கும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் தொங்கியது. கட்டம் போட்ட இருக்கை உறைகளை, சும்மா கிடந்து பூச்சி அரிக்க வேண்டாமே என்று சமையலறை நாற்காலிகளுக்கு மாட்டியிருந்தார்கள். பின்கண்ணாடியில் வைக்க வாங்கிய தலையாட்டும் நாய் பொம்மை வானொலி மேல் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது.

ஓட்டுநர் உரிமமும் இருந்தது. ஆறு வருடம் முன்பு வாங்கியது. அதன்பிறகு அவர் எதையும் ஓட்டவில்லை. ஒருநாள் எதெல்கா உருளைக்கிழங்கு எடுக்கப் போனபோது, கொட்டகைக்குள் வெந்தெல் ஒரு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய பானை மூடி. அதற்கு ஆட்டுரோம ஸ்டியரிங் உறை மாட்டியிருந்தது.

"எங்க இருக்க?" என்றாள்.

"பாலத்தொன் ஏரிக்கு நாலு கிலோமீட்டர்."

"அங்க மழையா?"

"லேசா தூறுது."

எதெல்கா இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். "கண்ணாடிய ஏத்திவிடு, காது அடைக்குது" என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே போனார்கள்.

பாலத்தொன் ஏரிக்கு உண்மையில் போய் ஏழு கோடைகள் ஆகிவிட்டன. ரயில்வே குடும்பம், ரயிலில் காசில்லாமலே போகலாம். ஆனால் கார் வரப்போகும்போது யார் ரயிலில் போவார்கள்? எதெல்காவின் தங்கை அந்த ஏரிக்கரை மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தாள். அறுவடைக்கு வாருங்கள் என்று வருடாவருடம் எழுதினாள். "கார் வந்ததும்" என்று வருடாவருடம் பதில் போட்டார்கள். போன வருடம் அவள் தோட்டத்தை விற்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்புருஸ் மிஹோக், சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். காருக்குப் பெயர் கொடுத்த காலையில் வெந்தெலுக்கு மூன்று பேர் முன்னால் நின்றவர். மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் போய்ப் பெயரை அடித்துவிட்டு, வலப்பக்கம் சைடுகார், அதாவது ஒற்றைச் சக்கரப் பெட்டி, வைத்த பழைய பன்னோனியா மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார். தனியாகப் போகும்போது சைடுகாரில் ஒரு மணல் மூட்டை வைப்பார். பெட்டி காலியாக இருந்தால் வலது வளைவில் அந்தரத்தில் எழும்பிவிடும். மூட்டை இருந்தால் எழும்பாது.

வெந்தெலின் இயற்கை விதி அன்றைக்குத்தான் பிறந்தது.

"என்னய்யா அம்புருஸ், குளியல் தொட்டிய ஓட்டிக்கிட்டு வந்துட்டியா? சோப்பு எங்க?" என்பார் மதுக்கடை வாசலில்.

"சோப்பு உன் கார்ல இருக்கு. வரும்போது எடுத்துட்டு வா."

"மூட்டைக்கு டிக்கெட் எடுத்தியா?"

"மூட்டை வாயத் திறக்காம வருது. அதுக்காகவே எடுக்கலாம்."

"மூட்டை மாதிரி பொட்டிக்குள்ள உக்காந்து போறதுக்கா ஒருத்தன அம்மா பெத்து வளக்குறா? நான் ஒருநாள் இதுல ஏறினேன்னு வையி, என் பேர மாத்திக்கறேன்யா!"

கடையில் சாட்சிக்கு ஒன்பது பேர் இருந்தார்கள்.

செப்டம்பரில் நிலையத்துத் தொலைபேசிக்கு மகள் ஒர்ஷி பேசினாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, நாத்ஃபா கிராமத்தில் பள்ளி ஆசிரியை அவள். கோடையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாத்ஃபாவுக்கு ஒருகாலத்தில் ரயில் உண்டு. ஏற ஆளில்லை என்று பத்து வருடம் முன்பு நிறுத்திவிட்டார்கள். கடைசி ரயிலை அறிவித்ததும் வெந்தெல்தான். இருபது நிமிடம் தாமதம்.

"அப்பா, பேரு முடிவு பண்ணியாச்சு. வெந்தெல்."

வெந்தெல் தொப்பியைக் கழற்றினார். "இந்தக் காலத்துல யாரு வெந்தெல்னு வெப்பாங்க?"

"நாங்க வெப்போம். அக்டோபர் பதினாலு, ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு ஞானஸ்நானம். அன்னிக்கு பஸ் கெடையாது, ஞாபகம் இருக்கில்ல? எங்க மாமனாரு காரு வெச்சிருக்காரு, ஒரு நடை வந்து கூட்டிட்டு வரச் சொல்லவா?"

"எதுக்கு? நாங்க நம்ம கார்ல வர்றோம்."

"அப்பா..."

"கணக்குப் போட்டாச்சும்மா."

கணக்கு சரியான கணக்குதான். வாரத்துக்குச் சுமார் அறுபது எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அக்டோபர் முதல் வியாழக்கிழமை 20 814 வந்தே தீர வேண்டும். சனிக்கிழமை இரவு எட்டு வரை அவருக்கு வேலை. ஞாயிறு காலை கிளம்பினால் போதும். ஒர்ஷியின் மாமனார் காருக்குப் பக்கத்தில் தன் காரை நிறுத்துவதா, சற்று முன்னால் நிறுத்துவதா என்பது ஒன்றுதான் முடிவாகவில்லை.

செப்டம்பர் கடைசி வியாழன் எண் 20 790. அக்டோபர் முதல் வியாழனும் 20 790. இரண்டாவது வியாழன், ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் முன்பு, வெந்தெல் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, 20 790 என்று வாசித்தார். எதெல்கா இந்தத் தடவை முடித்துவைக்கவில்லை. நாய் மட்டும் தலையாட்டியது.

அப்போதுதான் அவருக்குள் ஒன்று நடந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எண் நகரவில்லை என்று கண்டதும் அப்பாடா என்று இருந்தது. ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்பது அவருக்கு மறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சாயங்காலத்தில் எதிரே வரும் சைக்கிள் மூக்கு வரை வந்த பிறகுதான் தெரிகிறது. கார் வராத வரை அவர் கார் வாங்கப்போகிறவர். வந்துவிட்டால், கார் ஓட்டத் தெரியாதவர். ஏழு வருடமாகத் தான் எதற்குக் காத்திருந்தோம் என்று முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தை ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை, சொம்பத்ஹேயிலிருந்து வரவேண்டிய ரயில் சுமார் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்துவிட்டு ஒலிவாங்கியை அணைத்தார். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பிளம்ஸ் கூடையோடு ஒரு பெண்.

"நாப்பது நிமிசம்னு யாரு சொன்னது?"

"அடுத்த நிலையத்துலருந்து சொல்றாங்கம்மா."

"போன வெள்ளிக்கெழமயும் நாப்பதுன்னு சொன்னீங்க. உக்காந்தேன். அப்புறம் இன்னும் நாப்பதுன்னீங்க. உக்காந்தேன். ரெண்டு மணி நேரம்! முதல்லயே ரெண்டு மணி நேரம்னு சொல்லியிருந்தா நான் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன்ல? இங்க பாருங்க, பழம் கசியுது."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நிலையத்தை விட்டு வெளியேறி, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடக்க ஆரம்பித்தாள். வெந்தெல் கண்ணாடி வழியாக அவள் புள்ளியாகும் வரை பார்த்தார். ரயில் இரண்டேகால் மணி நேரம் கழித்து வந்தது.

அன்று மாலை சூப் பரிமாறிக்கொண்டே எதெல்கா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம நான் அம்புருஸோட போறேன்."

"எதுல?"

"அவன்கிட்ட என்ன கப்பலா இருக்கு?"

"அந்தப் பொட்டியிலயா?"

"பொட்டியில கேக் வருது. நான் பின்சீட்டுல."

"எதெல்கா, உனக்கு அம்பத்தஞ்சு வயசு."

"ஏழு வருசம் முன்னாடி நாப்பத்தெட்டு. அப்பவே போயிருக்கணும்."

"இன்னும் இருபத்துநாலு நம்பர்தான். அடுத்த வியாழக்கெழம..." என்று ஆரம்பித்தவருக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிலையத்துக் குரல்.

"அந்தக் கொழந்த வரிசையில நிக்கல வெந்தெல்," என்றாள் எதெல்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். "நீ வேணா வீட்டுல இருந்து நம்பரப் பாத்துக்க. சூப்பு ஆறுது."

ஞாயிறு காலை அம்புருஸ் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எதெல்கா தலையில் கவசம், கழுத்தில் பட்டுத்துணி, அடியில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. வால்நட் கேக் அட்டைப்பெட்டியில் சைடுகாருக்குள் இறங்கியது. வெந்தெல் வேலிக்குப் பின்னால், காலைப் பனியில், செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமைச் செய்தித்தாள்.

அம்புருஸ் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு," என்று எதெல்காவிடம் சொன்னார். ஆனால் வேலிக்குக் கேட்கும்படி சொன்னார். "கேக் மூணு கிலோ. மூணு கிலோவுக்குப் பொட்டி அடங்காது. நாத்ஃபா போய்ச் சேர்றதுக்குள்ள பதினேழு வலது வளைவு."

"மூட்டைய வெச்சிடேன்."

"மூட்டைய வெச்சா கேக்குக்கு எடமில்ல. மூட்டை மேல வெச்சா கேக் குதிக்கும். மூட்டைக்கு மடி கெடையாதே. யாராவது உக்காந்து மடியில வெச்சுக்கிட்டா தோதா இருக்கும். ஒரு எம்பது கிலோ இருந்தாப் போதும்."

எதெல்கா வானத்தைப் பார்த்தாள். அம்புருஸ் டயரைப் பார்த்தார். தேவாலயத்தில் எட்டு மணி அடித்து ஓய்ந்தது.

"எம்பத்திரண்டு," என்றார் வெந்தெல், செய்தித்தாளிடம்.

அதை மடித்தார். வீட்டுக்குள் போனார். அவர்கள் நினைத்ததைவிட அதிக நேரம் கழித்து வந்தார்: நல்ல கோட்டு, பளபளக்கும் காலணி, கையில் தொப்பி. கக்கத்தில், சமையலறை நாற்காலியிலிருந்து உருவிய கட்டம் போட்ட இருக்கை உறை. அதைச் சைடுகாருக்குள் விரித்து, சுருக்கம் நீவி, ஒரு காலை உள்ளே வைத்தார்.

அம்புருஸ் வாயைத் திறந்தார். அது சோப்பு பற்றியதாகத்தான் இருந்திருக்கும். பின்சீட்டிலிருந்து எதெல்கா ஒரு பார்வை பார்த்தாள். அம்புருஸ் வாயை மூடி, தன்னிடமிருந்த இன்னொரு கவசத்தை வெந்தெலிடம் நீட்டினார்.

"பேர மாத்திக்கறேன்னு சொன்னது..." என்றார் வெந்தெல், கவசத்துக்குள்ளிருந்து.

"அத இப்பத்தான் ஒரு பையனுக்கு வெக்கப்போறாங்க. நீயே வெச்சுக்கய்யா."

தொப்பிக்கு இடமில்லாததால் அதைக் கேக் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. நிலையத்தைத் தாண்டும்போது அவருக்குப் பதில் வேலை பார்க்கும் இளைஞனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: சுமார் நாற்பது நிமிடம், பயணிகள் பொறுமை காக்கவும். மதுக்கடை வாசலில் நின்ற இருவர், சாட்சி ஒன்பது பேரில் இருவர், கையில் குவளையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். வெந்தெல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சர்க்கரை ஆலையைக் கடந்ததும் முதல் வலது வளைவு வந்தது. பெட்டியின் சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பப் பார்த்தது. யாரும் சொல்லவில்லை, வெந்தெல் கேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், வலப்பக்கம், பெட்டிக்கு வெளியே சாய்ந்தார்.