இரண்டாவது பிரேக்

…இதைப் போய் சீட் என்கிறார்கள், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்ததுபோல் இருக்கிறது, முப்பது வருஷமாகக் கார் சீட்டில் உட்கார்ந்து பழகிய உடம்பு, இதன் மேல் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது, அந்த சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீங்க ரெட்டை சைக்கிள் எடுத்துக்குங்களேன், முன்னாடி நீங்க, பின்னாடி சார்" என்றார், ஏதோ நாசூக்காகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. சுற்றிப் பார்க்க வந்த மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் ஜோராகப் போகிறார்கள், அதில் ஒருவருக்கு என்னைவிட வயது அதிகம், காலில் நரம்பு நரம்பாகத் தெரிகிறது, மனிதர் சீட்டி வேறு அடிக்கிறார். போகட்டும். எனக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, கடல் எங்கேயும் கடல்தான், நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு, மகள் இருக்கும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் தனியாகப் பேச முடியவில்லை, அறையில் கூடத் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி எப்போதும் இருக்கிறாள், இன்று மகளுக்கு விடுமுறை, நாளைக் காலை ரயில், டிக்கெட் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று இவளுக்கு என்று இன்னும் இவளிடம் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொல்லிவிடலாம், முகம் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று கணக்குப் போட்டேன். நாலு மாதமாக மாப்பிள்ளை தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார், கேட்பவர்களிடம் வேலை விஷயமாகப் போயிருக்கிறாள் என்று நாங்களும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது.

துறைமுகத்தை ஒட்டிய சாலை சமதளமாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கம் பழைய கிடங்குகள், இன்னொரு பக்கம் கயிறு கட்டி நிறுத்திய படகுகள், முன்னால் போகும் வழிகாட்டிப் பெண் கையைத் தூக்கி ஏதோ காட்டுகிறாள், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்கு எங்கே திரும்ப, திரும்பினால் சைக்கிளும் திரும்பிவிடுமோ என்று பயம், என் கையில் இருக்கும் ஹேண்டில்பார் அசையவே அசையாது, சும்மா பிடித்துக்கொள்ளத்தான், அதில் பிரேக்கும் இல்லை, மணிகூட இல்லை. அதோ ஒரு லாரி பின்னோக்கி வருகிறது, இவள் பார்த்தாளா இல்லையா, வலது கால் தானாக அழுந்துகிறது… "அப்பா, நீங்க மிதிக்கலன்னாலும் பரவாயில்ல, காலை இறுக்காதீங்க, ரெண்டு பேர் பெடலும் ஒண்ணாத்தான் சுத்தும், எனக்குக் கனக்குது." பார்த்திருக்கிறாள். லாரி போய்விட்டது. என்ன செய்வது, தொழில் அப்படி, டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக், இரண்டாவது பிரேக் என்று அதற்குப் பெயர், அவர்கள் முட்டப் போகும்போது நான் மிதித்துவிடுவேன், மிதித்தது நான்தான் என்று பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது, தாங்களே நிறுத்திவிட்டதாக நினைத்து என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள், நானும் சரி என்று விட்டுவிடுவேன். பஸ்ஸில் போனாலும் என் கால் அழுந்தும், சினிமா பார்க்கும்போதும் அழுந்தும், தூக்கத்தில் உதைக்கிறேன் என்று வீட்டில் தனிக் கட்டில் போட்டாயிற்று. டாக்டர் நடக்கச் சொன்னார், அவரிடம் போனதே காரில்தான், திரும்பி வந்ததும் காரில்தான், அதன் பலனை இப்போது முழங்கால் இரண்டும் சேர்ந்து அனுபவிக்கின்றன, சமதளத்திலேயே இப்படி என்றால் மேலே என்ன ஆகப்போகிறேனோ… இப்போதே ஆரம்பித்துவிடலாமா, "அம்மாடி, மாப்பிள்ளை போன் பண்ணினாரு" என்று எடுக்கலாம், கோபப்படாமல் கேட்பாள், சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைத் தட்டியதில்லை.

மாப்பிள்ளை என்ன சாதாரணமாகக் கிடைத்தவரா. என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்தான், முதல் நாளே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து "போலாமா சார்" என்று கேட்டார், எத்தனையோ பேருக்கு நான் கத்திக் கத்திச் சொல்லும் விஷயம். ஹாரன் அடிப்பதில்லை, முந்துவதில்லை, ஒரு நாள் ஒரு நாய் குறுக்கே வந்தது, என் கால் போவதற்குள் அவர் நிறுத்திவிட்டார், என்னைத் தோற்கடித்த ஒரே ஆள். பயிற்சி முடியும்வரை என் பிரேக்கை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஊரில் எல்லாரும் குணம் விசாரித்துப் பெண் கொடுப்பார்கள், நான் கிளட்ச்சைப் பார்த்துக் கொடுத்தேன் என்று கல்யாணத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், ஆனால் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்தேன், ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமென்றால் அவனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தால் போதும், வாயால் ஆயிரம் பேசலாம், கால் பொய் சொல்லாது. இதை நான் இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை… ஆனால் அந்த ஓட்டத்தை எல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்த்தேன், வாத்தியார் பக்கத்தில் இருந்தால் யார்தான் ஒழுங்காக ஓட்ட மாட்டான். சே, அப்படியெல்லாம் இல்லை, நல்ல மனிதர், குடி கிடையாது, கைநீட்டியது கிடையாது, அதை மகளே சொன்னாள். பிறகு என்னதான் குறை என்று கேட்டால் "சொல்லத் தெரியலப்பா" என்றாள், சொல்லத் தெரியாத குறைக்கு ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா.

ஐயோ, மேடு. கலங்கரை விளக்கம் மேலே இருக்கிறதாம், அதைக் கீழேயே கட்டியிருந்தால் என்ன கேடு, கப்பல்காரர்களுக்குத் தெரிந்தால் போதாதா, என் நெஞ்சுக்கும் ஏன் தெரிய வேண்டும். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், "அம்மா…" வரைக்கும் வந்தது, மிச்சம் மூச்சாகப் போய்விட்டது, நாக்கு வெளியே தள்ளுகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, சீட்டி அடித்த பெரியவர் எங்களைத் தாண்டிப் போகிறார், இன்னும் சீட்டி நிற்கவில்லை. இவள் கியரை மாற்றிக்கொண்டு நின்று மிதிக்கிறாள், எப்போது இப்படி மிதிக்கக் கற்றுக்கொண்டாள், வீட்டில் இவளுக்குச் சைக்கிளே வாங்கித் தரவில்லையே, தெருவில் லாரி வரும் என்று. "நீங்க பேச வேணாம்பா, மூச்ச விடுங்க, நானே சொல்றேன்" என்கிறாள், திரும்பாமலே சொல்கிறாள், "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அவரு கத்தமாட்டாரு, அடிக்கமாட்டாரு. நான் ஒரு வேலைய ஆரம்பிச்சா அது எங்க தப்பாப் போகும்னு அவருக்கு முன்னாடியே தெரியும், போறதுக்குள்ள வாங்கி அவரே பண்ணிடுவாரு. காய் நறுக்கறது, பேங்க்ல பேசறது, ஆபீசுக்கு லீவு சொல்றது, எல்லாம். நல்லாவும் பண்ணுவாரு. மூணு வருஷத்துல நான் ஒரு தப்புகூடப் பண்ணலப்பா." இதில் என்ன இருக்கிறது, நல்லதுதானே என்று சொல்ல வேண்டும், சொல்ல மூச்சு வேண்டும், என் மூச்சு முழங்காலில் இருக்கிறது. அவள் நிறுத்தவில்லை, இங்கே வந்த புதிதில் தப்பான பஸ் ஏறி ஊர்க்கோடிக்குப் போனாளாம், பல் செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் ஒருத்தருக்கு வலது கடைவாய்ப் பல்லுக்குப் பதில் இடது பல்லைச் செய்துவிட்டாளாம், மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினாராம், குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து செய்தாளாம். "சரியா வந்துச்சுப்பா. அந்த ஆளு வாயில அது பொருந்திடுச்சுன்னு டாக்டர் போன் பண்ணிச் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல." இவள் பேசிக் கேட்டு இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும், அதுவும் நானாக இருக்கவில்லை, மேடு இருக்க வைத்தது.

மேலே வந்ததும் நிறுத்தினாள், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, மெல்ல வெளிச்சம் வந்தது, கடல் ரொம்பப் பெரியதாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததாகக் கிடந்தது. "அது ஒரு குறையாம்மா" என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "குறைன்னு நான் சொல்லலையே" என்றாள், தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அவரு உங்கள மாதிரிதான்ப்பா. பத்திரமாப் பாத்துக்குவாரு." குத்திக்காட்டவில்லை, முகத்தைப் பார்த்தேன், வியர்வைதான் இருந்தது, வெயில் இவ்வளவு என்று சொல்வதுபோல் சொன்னாள், அதனால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். என்னைப் போல என்றால் எதில் என்னைப் போல… வழிகாட்டிப் பெண் "இறக்கத்துல பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு உருண்டாள், எல்லாரும் உருண்டார்கள், நாங்களும் உருண்டோம். காற்று காதில் அடிக்கிறது, வளைவு வருகிறது, இவள் பிரேக் பிடிக்கவில்லை, இன்னும் பிடிக்கவில்லை, என் கால் அழுந்துகிறது, பலமாக அழுந்துகிறது, வண்டி நிற்பதற்குப் பதில் பாய்கிறது, இன்னும் அழுத்துகிறேன், இன்னும் பாய்கிறது, "அப்பா, மிதிக்காதீங்க, மிதிச்சா ஓடும்" என்று கத்துகிறாள், ஆமாம், இது பெடல், பிரேக் இல்லை, முப்பது வருஷமும் நிறுத்திய கால் இது, இப்போது இதுதான் எங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது, எடு என்றால் எடுக்க மாட்டேன் என்கிறது, கடைசியில் இரண்டு கையாலும் என் தொடையைப் பிடித்துத் தூக்கினேன், ஹேண்டில்பாரை விட்டுவிட்டேன் என்பதே பிறகுதான் தெரிந்தது. அவள் வளைவில் உடம்பைச் சாய்த்தாள், நானும் வேறு வழியில்லாமல் சாய்ந்தேன், பிரேக் கீச்சிட்டது, கீழே டீக்கடை வாசலில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. உயிர் போய் உயிர் வந்தது. இவள் சிரிக்கிறாள். "நின்னுடுச்சில்ல" என்கிறாள், "இருங்க, டீ சொல்லிட்டு வரேன், நீங்க அசையாதீங்க." அசையும் நிலையில் யார் இருக்கிறார்கள்.

அந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து நானே போட்டு உட்கார்ந்தேன், அகலமான சீட், மனிதன் செய்தது. உங்கள மாதிரி… இதை இதற்கு முன்னாலும் யாரோ சொன்னார்கள், யார், கல்யாணத்தன்று என் மனைவிதான், பந்தி முடிந்து நானும் அவளும் வாசலில் நின்றபோது, "உங்கள மாதிரியே ஒருத்தரப் பிடிச்சிட்டீங்க" என்றாள், எனக்குப் பூரிப்பு, "பின்ன, சும்மாவா" என்றேன், அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால் தெரியவில்லை, யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், டீச்சர்கள், நர்சுகள், ஒரு நீதிபதிகூட, என் மனைவிக்கு மட்டும் ஓட்டத் தெரியாது, இரண்டாம் நாள் வகுப்பிலேயே சிக்னலில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கினாள், ஒரு வார்த்தை பேசாமல் பிளாட்பாரத்தில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தாள், நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வீடுவரைக்கும் அவள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை, சொன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் டீயை வைத்துவிட்டு லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். ஏன் இறங்கினாள் என்று கேட்டால் ரோஷம் என்று நானே சொல்லிவிடுவேன். அவளிடம் கேட்டதில்லை, கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

போன் அடித்தது, மனைவிதான். "என்னங்க, பேசினீங்களா?" மகள் கடைக்குள் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "பேசினா" என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" "எனக்கு மூச்சு வாங்கிச்சு." "அவளத் திட்டிடாதீங்க" என்றாள். டிக்கெட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன், வருவாளா என்று கேட்பாள் என்று நினைத்தேன், வருஷக்கணக்காக இவள் கேட்பதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருப்பவன் நான், இன்று வாயில் வந்தது வேறு. "ஒண்ணு கேக்கறேன், அன்னைக்கு நீ ஏன் எறங்கிப் போன?" என்றேன். எங்கள் வீட்டுச் சமையலறை மின்விசிறிச் சத்தம் கேட்டது, அவள் அதை நிறுத்தினாள், நன்றாகக் காதில் விழட்டும் என்றுபோல.

"எந்த அன்னைக்கு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் இறங்கிப் போனதாக எனக்குத் தெரிந்தது ஒரு நாள்தான்.